ஸ்டெல்லா அக்காவுக்கு, டாலர் கம்ப்யூட்டரைப் பற்றி

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நேற்று உன் வருடப் பூசை. ராயபுரம் கோயிலில் சாமியார் உன் பெயரை வாசித்தபோது நான்சி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு கல்லறைக்குப் போனோம். கடல்காற்றில் மெழுகுவத்தி நிற்கவே இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போனது எதையும் அங்கே என்னால் சொல்ல முடியவில்லை. உன் மகள் பக்கத்திலேயே நின்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் ஆரம்பித்த பயம் இன்னும் இறங்கவில்லை. விடிந்ததும் கதவைத் திறந்து பனி இருக்கிறதா என்று பார்க்கிறேன். பனி இருந்தால் அன்றைக்குச் சமையல் ஓடுவதில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். நான் தேசப்பனைக் கட்டிக்கொண்டு காத்திவாக்கம் குப்பத்துக்கு வந்தபோது, வேறு சாமி, கடல் வேலை என்று நம் வீட்டில் ஒருவரும் என் வாசலை மிதிக்கவில்லை. நீ மட்டும் நான்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாய். அந்த நான்சிதான் நீ போன பிறகு எங்கள் வீட்டுப் பெண்ணாக இருக்கிறாள். தேசப்பனை வாய் நிறையச் சித்தப்பா என்கிறாள். என்னைவிட அவரிடம்தான் அவளுக்குச் செல்லம்.

கம்ப்யூட்டர் படிப்பை முடித்தாள். ஊரின் அந்தக் கோடியில், ஐடி கம்பெனிகள் வரிசையாக நிற்கிற ரோட்டில், ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. எண்ணூரிலிருந்து ரயில் ஏறி, பஸ் மாறி, திரும்பி வரும்போது முகம் சுருங்கிப் போயிருக்கும். ஆனாலும் சந்தோஷமாக இருந்தாள். நான் வண்ணாரப்பேட்டை மொத்த ஜவுளிக் கடையில் பில் போடும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருடம் அவளுடைய கம்பெனி ஒரு புது கம்ப்யூட்டரை அறிவித்தது. அவர்கள் வைத்த பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. செயினில் கோத்த டாலர் மாதிரி கழுத்தில் தொங்குவதால் எங்கள் குப்பத்தில் அதற்கு டாலர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

நான்சி லேப்டாப்பைத் திறந்து அந்த அறிவிப்பு விழாவை எங்களுக்குக் காட்டினாள். கம்பெனி முதலாளி மேடையில் நின்றான். சின்ன வயசுதான். தாடி, வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதையான பேச்சு. இந்த டாலருக்குத் திரை கிடையாது, பொத்தான் கிடையாது என்றான். தமிழில் பேசினால் பதில் சொல்லும். கையை நீட்டினால் உள்ளங்கையில் வெளிச்சம் விழுந்து எழுத்தும் படமும் தெரியும். டவர் வேண்டாம். ஒரு முறை சார்ஜ் போட்டால் வாரம் முழுக்க வரும். நடுக்கடலில் இருந்தாலும் நீ எங்கே இருக்கிறாய், கரை எந்தப் பக்கம், கப்பல் வருகிறதா என்று எல்லாம் சொல்லிவிடும். அவன் அதைத் தூக்கிப் பிடித்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

தேசப்பன் கைதட்டவில்லை, ஆனால் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நான்சி, இத்த கய்த்துல மாட்டிக்கினா போதுமா? அப்போ நம்ம போட்ல கீற வயர்லெஸ் செட்டு, ஜிபிஎஸ்ஸு எல்லாம் காயலான் கடைக்கா?"

நான்சி சிரித்தாள். எனக்கு என்னவோ அந்தச் சிரிப்பு சரியாகப் படவில்லை.

"நீ அத்த கையில எடுத்துப் பாத்தியாடி?" என்று கேட்டேன்.

"அது கான்செப்ட்டு சித்தி. இந்த மாதிரி ஒண்ணு பண்ணப் போறோம்னு முன்னாடியே சொல்றது."

"அப்போ அது கீதா, இல்லியா?"

"இருக்கும்."

இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. இருக்கும் என்றாள். 

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஆனால் எங்கள் கடை கம்ப்யூட்டர் மேஜையில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே விசிறி ஓடுகிறது. அப்படியும் சித்திரை வெயிலில் சூடாகி நின்றுவிடும், வாடிக்கையாளர்கள் கத்துவார்கள். இவ்வளவும் செய்கிற ஒன்று கோழிமுட்டை அளவில் நெஞ்சில் தொங்கினால் சுடாதா? போன் வெளிச்சமே வெயிலில் தெரிவதில்லை, கடல் வெயிலில் உள்ளங்கை எழுத்து தெரியுமா? நான்சியிடம் கேட்டேன்.

"நானும் ஆபீஸ்ல அத்தான் சித்தி கேட்டேன். அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல ஜனங்க கண்ணுல படணும்னு சொல்லிட்டாங்க" என்றாள். அவளுக்கும் நம்பிக்கை இல்லை என்று அப்போதே தெரிந்தது. ஆனால் புது வேலை. புதிதாகச் சேர்ந்த பெண் எத்தனை கேள்விதான் கேட்பாள்?

பிறகு அவர்கள் விளம்பரப் படம் எடுக்க முடிவு செய்தார்கள். நான்சியின் சித்தப்பா கடலுக்குப் போகிறவர் என்று முதலாளிக்குத் தெரியும். நிஜமான மீனவர், நிஜமான படகு, பின்னால் எண்ணூர் புகைபோக்கிகள், இதைவிட என்ன வேண்டும் என்றானாம். அவனே வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து நான் போட்ட டீயைக் குடித்தான். "அண்ணன் முகம் அவ்வளவு பவர்ஃபுல்லா இருக்கு அக்கா" என்றான். தேசப்பனுக்குக் காது வரைக்கும் வாய் போய்விட்டது. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். "கரையோரம்தான் அக்கா, பத்து நிமிஷ வேலை" என்றான். அதற்குமேல் என்ன சொல்வது?

மார்கழிக் கடைசியில் ஒரு காலை வந்தார்கள். நல்ல பனி. வழக்கமாக அந்தப் பனியில் எங்கள் ஆட்கள் யாரும் படகை இறக்க மாட்டார்கள். முகத்துவாரத்துக்கு அப்பால் துறைமுகத்துக்கு வருகிற கப்பல் வழி இருக்கிறது. கப்பலில் இருப்பவனுக்குப் பைபர் படகு ஒரு தேங்காய் மட்டை மாதிரி. பார்த்தாலும் நிறுத்த முடியாது. ஆனால் வந்தவர்களுக்கோ பனியைப் பார்த்ததும் ஒரே குதூகலம். இந்த வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று கேமராக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

முதலில் படகிலிருந்த வயர்லெஸ் செட்டையும் ஜிபிஎஸ்ஸையும் ஏரியல் கம்பியையும் கழற்றச் சொன்னார்கள். டாலர் இருக்கும்போது இதெல்லாம் படத்தில் தெரிந்தால் அர்த்தமே இல்லையாம்.

"சார், பனி ஏறிக்கினு கீது. செட்ட மட்டும் உட்ருங்க, சாக்கு போட்டு மூடிக்கலாம்" என்றார் தேசப்பன்.

"அண்ணா, கரையிலேர்ந்து எங்க கண்ணு முன்னாடிதானே இருக்கப் போறீங்க?" என்றான் முதலாளி. அதையும் மரியாதையாகத்தான் சொன்னான். எல்லாம் அவர்கள் வந்த வேனுக்குள் போயின. அடுத்து ஒருவர் துணிப்பையோடு வந்து படகில் போகிறவர்களின் போன்களை வாங்கிக்கொண்டார். டாலரின் தோற்றம் வெளியே கசிந்துவிடக் கூடாதாம், யாரும் போட்டோ எடுக்கக் கூடாதாம். அந்தப் பையும் வேனுக்குள் போனது.

படகில் மூன்று பேர். தேசப்பன், ஒரு கேமராக்காரர், டாலரை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்க உன் மகள். வேண்டாம்டி என்றேன். "நான் போலன்னா சித்தப்பா மட்டும் தனியா மாட்டுவாரு சித்தி" என்று காதோடு சொல்லிவிட்டு ஏறினாள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னதற்கு மட்டும் அவள் மசியவில்லை. மூன்று பேரையும் போட வைத்து மேலே சட்டையை இழுத்துவிட்டாள். அந்தப் பிடிவாதம் உன்னுடையது.

படகு அலை தாண்டியது. கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதன் மூக்கு மறைந்தது, பிறகு தேசப்பன் முதுகு மறைந்தது. வெள்ளையாக ஒரு சுவர் வந்து நின்ற மாதிரி இருந்தது. இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அதுவும் நின்றது.

எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். நேரம் போனது. பனி கரைக்கே ஏறி வந்து என் காலடியிலிருந்த வலைக்குவியலே மங்கலாகத் தெரிந்தது. யாருக்கும் படகு இருக்கும் திசை தெரியவில்லை. கரையில் இருந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை.

என் கை தானாகப் போனை எடுத்து நான்சிக்குப் போட்டது. மணி அடித்தது, அக்கா. எனக்குப் பின்னால், வேனுக்குள்ளே, பைக்குள்ளே அடித்தது. அதை நிறுத்தத் தோன்றாமல் நின்றேன். பிறகு தேசப்பனுக்கும் போட்டேன். அதுவும் அங்கேயே அடித்தது. புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை.

நான் அந்த முதலாளியிடம் போனேன். அவன் வாயில் நகம் இருந்தது.

"தம்பி, அவுங்க எங்க கீறாங்கன்னு உங்க டாலரக் கேளுங்க. நடுக்கடல்ல இருந்தாலும் சொல்லும்னீங்களே. கேளுங்க தம்பி."

அவன் என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, அது... இன்னும் ரெடியாகல."

"கொஞ்சமாவது ரெடியாகிருக்கும்ல? அது எங்க கீதுன்னாவது காட்டாதா?"

"அது வெறும் கூடுதான் அக்கா. உள்ள ஒண்ணும் இல்ல. வெயிட்டுக்கு ஒரு இரும்புத் துண்டு வச்சிருக்கோம்."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். உன் மகளும் என் புருஷனும் கண் தெரியாத கடலில் இருக்கிறார்கள். கையிலிருந்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டு கழுத்தில் ஓர் இரும்புத் துண்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் பனிக்குள்ளிருந்து கப்பலின் சங்கு ஊதியது. நெஞ்சுக்கூட்டையே அதிரவைக்கிற சத்தம். எங்கே இருந்து வருகிறது என்று சொல்ல முடியாத சத்தம்.

பக்கத்து வீட்டு கோவிந்து மாமா ஓடி வந்து தன் படகிலிருந்த செட்டில் எல்லாப் படகுகளுக்கும் சொன்னார். சொல்ல வேண்டிய இடங்களுக்கெல்லாம் தகவல் போனது. ஆனால் எதிரே இருப்பவனே தெரியாத பனியில் யார் வந்து எங்கே தேடுவார்கள்? பெண்கள் அண்டாவையும் தாம்பாளத்தையும் எடுத்துவந்து தட்ட ஆரம்பித்தார்கள், கரை இந்தப் பக்கம் என்று காட்டுவதற்கு. அப்போதுதான் எனக்கு வேன் ஞாபகம் வந்தது. ஏறி, டிரைவரைத் தள்ளிவிட்டு, ஹாரனை அமுக்கினேன்.

அமுக்கினேன், விட்டேன், அமுக்கினேன். பக்கத்து சீட்டில் அந்தப் பை கிடந்தது. தேசப்பனின் செட்டும் காலடியில் கிடந்தது. மாதாவைக் கூப்பிட்டேன். அவர்கள் வீட்டு அம்மனையும் கூப்பிட்டேன். கடைசியில் உன்னைத்தான் கூப்பிட்டேன் அக்கா. "உன் பொண்ணு அங்க கீறா, நீ போய்ப் பாரு" என்று சத்தமாகவே சொன்னேன். உனக்குக் கேட்டதா?

எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளங்கை மரத்துப் போயிருந்தது. வெளியே யாரோ "அதோ! அதோ!" என்று கத்தினார்கள். பனி கொஞ்சம் கிழிந்து, அதற்குள்ளிருந்து படகு வந்தது. இன்ஜின் ஓடவில்லை. நான்சியும் கேமராக்காரரும் ஆளுக்கொரு பக்கம் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தேசப்பன் நடுவில் ஒரு கையால் தோளைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். மிதந்துவந்த பழைய வலை இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அவர் இன்ஜினைத் தூக்கி வலையை அறுத்துக்கொண்டிருந்தபோது நீரோட்டம் படகை வெளியே இழுத்துவிட்டது. கப்பல் மிகப் பக்கத்தில் போயிருக்கிறது. அதன் சுவர் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது, மேலே பார்த்தால் முடிவே இல்லை என்றாள் நான்சி. கப்பல் தள்ளிவிட்ட அலையில் படகு ஒருபக்கமாக எழும்பி விழுந்தது. கேமரா கடலில் போனது. தேசப்பன் இன்ஜின்மேல் விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்தது. படகில் ஏறிய தண்ணீரை இறைத்ததும், முதலில் துடுப்பைக் கையில் எடுத்ததும் உன் மகள்தான்.

படகிலிருந்து அவரைக் கைத்தாங்கலாக இறக்கியபோது அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"ஆரன் அட்ச்சது யாரு?"

"நான்தான்யா" என்றேன்.

"அந்தச் சத்தத்த புட்ச்சிக்கினுதான் வந்தோம் ரோசி. நடுவுல ஒரு தபா நீ நிறுத்திட்ட. அப்போதான் மெய்யாலுமே பயந்துட்டேன்."

நான்சி படகிலிருந்து இறங்கி வந்தாள். என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. டாலர் அவள் கழுத்தில் சட்டைக்குள் கிடந்தது. முதலாளி வந்து கையை நீட்டினான், அவள் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அவனைக் கெட்டவன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவன்தான் வேனில் கூட்டிப்போனான். வராந்தாவில் நின்று அழுதான். தேசப்பன் காலைத் தொட்டான். அதனால்தான் பிறகு நடந்தது எனக்கு இன்னும் புரியவில்லை.

தை முடிவதற்குள் விளம்பரம் வந்தது.

அன்றைக்குக் கரையில் இன்னொரு கேமரா இருந்ததை நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை. அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பனியைக் கிழித்துக்கொண்டு படகு வருகிறது. தேசப்பன் நிமிர்ந்து நிற்கிறார், பல்லைக் கடித்திருக்கிறார், கண்ணில் தண்ணீர். நான்சி கழுத்தில் கிடந்த டாலர் அவர் நெஞ்சில் நீலமாக மின்னுகிறது. அவர் கையை நீட்ட, உள்ளங்கையில் கரையின் படம் தெரிகிறது. 'கரை தெரியாதபோதும் கரை சேர்க்கும்' என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. நான் அமுக்கிய ஹாரன் சத்தம் அதில் இல்லை. பெண்கள் தட்டிய அண்டாச் சத்தமும் இல்லை. அந்த இடத்தில் வயலின் வாசிக்கிறது.

துடுப்புப் போட்ட நான்சியும் அதில் இல்லை. அழித்துவிட்டார்கள்.

குப்பத்தில் எல்லார் போனிலும் அது ஓடியது. தேசப்பன் தெருவில் நடந்தால் பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். அவர் கட்டுப்போட்ட கையோடு தலையைக் குனிந்துகொண்டு போவார். கடைசி வீட்டுக் குமரன் புதிதாகக் கல்யாணமானவன், தனியாகப் படகு எடுத்துத் தொழில் செய்கிறான். ஒருநாள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தான்.

"ண்ணா, என் செட்டு பூட்ச்சி. ரிப்பேருக்கு இன்னாத்துக்கு குட்த்துக்கினு? டாலரு வரப்போவுதுல்ல, வெய்ட் பண்றேன்."

"இப்போ செட்டு இல்லாமயாடா தொயிலுக்குப் போய்க்கினு கீற?" என்றார் தேசப்பன்.

"கொஞ்ச நாளுதானே ண்ணா. நீயே அத்தப் போட்டுக்கினுதான கரைக்கு வந்த?"

 இந்தக் கடற்கரை நெடுக எத்தனை குப்பத்தில் எத்தனை குமரன்கள் இப்படிக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்? பிறக்காத ஒன்றை நம்பி, கையில் இருப்பதைத் தூரப் போட்டுவிட்டுப் போகிறார்களே? அவன் பெண்டாட்டி ஒருநாள் இதே மணலில் உட்கார்ந்தால், அவளுக்கு யார் பதில் சொல்வது?

உள்ளே நான்சி மீன் அரிந்துகொண்டிருந்தாள். குமரன் சொன்னது அவளுக்கும் கேட்டது. கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"சித்தி, நான் சொல்லப் போறேன்."

"இன்னான்னு?"

"அதுல ஒண்ணும் இல்லன்னு."

நான் கதவைச் சாத்தினேன். அக்கா, நான் அவளிடம் கெஞ்சினேன். ஆபீஸ் விஷயம் எதையும் வெளியே பேச மாட்டேன் என்று அவள் எழுதிக் கொடுத்துத்தான் வேலையில் சேர்ந்திருக்கிறாள். அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். நம்மிடம் யார் இருக்கிறார்கள்? அவளுக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காமல் போனால்? போலீஸ் வாசலுக்கு வந்தால்? இதையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அம்மா இருந்தா இன்னா சொல்லிருப்பாங்க சித்தி?"

 நீ என்ன சொல்லியிருப்பாய்? நான் பயப்படுகிற இடத்தில் எல்லாம் நீ முன்னால் போனவள். ஆனால் பெற்ற பெண் என்று வரும்போது நீயும் என்னைப் போலத்தான் கதவைச் சாத்தியிருப்பாயா? நீதான் சொல்ல வேண்டும், நீ இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வலை பின்னும் கொட்டகையில் குப்பத்துக் கூட்டம். நான்சி எழுந்து நின்றாள்.  நான் கடைசி வரிசையில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். டாலர்னு ஒண்ணு இன்னும் இல்ல. எங்க கம்பெனில யாரும் அது வேலை செஞ்சு பாத்ததில்ல. நாங்க போட்ல போனப்போ என் கழுத்துல இருந்தது வெறும் கூடு. அத்த நம்பி யாரும் செட்ட கழட்டாதீங்க. கெட்டுப் போனத சரி பண்ணிக்கோங்க."

 குமரன்தான் கேட்டான்.

"அப்போ அண்ணன் கையில வெளிச்சம் தெரிஞ்சுதே?"

"அது அப்புறம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சது ண்ணா."

"கரை?"

"அதுவும்."

"அப்போ அண்ணன் மூஞ்சி?"

தேசப்பன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "மூஞ்சி மட்டும் நெசம்டா. அது வலி."

சிலர் நம்பினார்கள். சிலர் கம்பெனியோடு ஏதோ சண்டை, அதனால்தான் இந்தப் பெண் இப்படிப் பேசுகிறது என்றார்கள். குமரன் எழுந்து போனான். மறுநாள் செட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு காசிமேட்டுக்கு ரிப்பேருக்குப் போவதைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

ஆனால் யாரோ அவள் பேசியதைப் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். நான்சிக்கு வேலை போனது. முதலாளி எனக்கே போன் செய்தான். கத்தவில்லை. "அக்கா, நான்சிக்கு நல்ல எதிர்காலம் இருக்கு. நீங்க பெரியவங்க, எடுத்துச் சொல்லுங்க" என்றான். கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அந்த மரியாதையான குரல் இப்போதும் காதில் நிற்கிறது. வழக்கு வருமா, வராதா? தெரியவில்லை. வாசலில் புது ஆள் செருப்புச் சத்தம் கேட்டால் நான்சிக்கு முன்னால் நான் எழுந்து போகிறேன்.

விளம்பரம் இன்னும் ஓடுகிறது. அடியில் 'இது கற்பனைக் காட்சி' என்று பொடி எழுத்தில் சேர்த்திருக்கிறார்களாம். கண்ணாடி போட்டும் என்னால் படிக்க முடியவில்லை. போன வாரம் டாலர் அடுத்த வருடம் வருகிறது என்று மறுபடி அறிவித்தார்கள். போன வருடமும் அடுத்த வருடம் என்றுதான் சொன்னார்கள்.

தேசப்பனுக்கு எலும்பு கூடிவிட்டது. மறுபடி கடலுக்குப் போகிறார். நான்சி வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். மாத்தூரில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறாள். இளைத்துவிட்டாள், ஆனால் அன்றைக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறாள். தூங்காதது நான்தான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் திங்கட்கிழமை கடையில் பழவேற்காட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்திருந்தாள். மகள் கல்யாணத்துக்குச் சேலைகள் எடுத்து முடித்துப் பில்லுக்கு என் முன்னால் நின்றாள். கடை முதலாளியும் ஆட்களும் சுற்றி இருக்கிறார்கள். அவள் போனில் அந்தப் படம் இருந்தது.

"ஏம்மா, நீ எண்ணூராமே. இந்த டாலரு மெய்தானா? எங்க வூட்டுக்காரரு இது வந்தாத்தான் போட்ல கீற பழைய ஜிபிஎஸ் மெஷின மாத்துவேன்னு குந்திக்கினு கீறாரு."

 தெரியாது என்று சொல்லிவிட்டுப் பில்லைக் கொடுத்திருக்கலாம். என் பெயர் எங்கேயும் வரவில்லை, வராமலே இருந்திருக்கலாம். விசைப்பலகையின் மேல் கை நடுங்கியது, கடையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. அது இன்னும் பொறக்கவே இல்ல. அந்தப் படத்துல கீறவரு என் வூட்டுக்காரரு. அன்னிக்கி நான் கரையில இருந்தேன்" என்றேன்.

சொன்ன பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் நான் நிறுத்தாமல் பேசினேன். பனியைச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன், இரும்புத் துண்டைச் சொன்னேன். அந்த அம்மா பில்லை மறந்து நின்று கேட்டாள். கடைசியில் என் கையைத் தொட்டுவிட்டு, வாசலுக்குப் போய் முதல் வேலையாகப் புருஷனுக்குப் போன் போட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கையை ஆட்டி ஆட்டித் திட்டுவது தெரிந்தது.

அக்கா, என் பயம் போகும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. போகாது. ஆனால் அது போகட்டும் என்று காத்துக்கொண்டிருக்க மாட்டேன். கேட்கிறவர்களுக்கு நடுங்கிக்கொண்டாவது உண்மையைச் சொல்வேன். உன் மகள் பேச எழுந்தால், இனி நான் கதவைச் சாத்த மாட்டேன். கடைசி வரிசையிலும் உட்கார மாட்டேன். அவள் பக்கத்தில் வந்து நிற்பேன்.

நான்சிக்குச் சித்தியாகவும், நீ விட்டுப்போன இடத்தில் பாதி அம்மாவாகவும் இருக்கும்
உன் தங்கை
ரோசி
காத்திவாக்கம்